இளம் விரிவுரையாளர் யாரிடம் கேட்பது?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் விரிவுரையாளரின் நியமனக் கடிதத்தில் 'தகுதிகாண்' என்றொரு சொல் இருக்கும். வீட்டில் அதை யாரும் கவனிப்பதில்லை. "எங்கட பிள்ளை லெக்சரர்" என்று ஊரெல்லாம் சொல்லி, கலியாணப் பேச்சும் அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடும். உண்மையில் அந்தச் சொல்லுக்குள் ஒரு தவணை இருக்கிறது. தகுதிகாண் காலம் முதலில் 3 ஆண்டு. பிறகு ஆண்டாண்டாக நீட்டி 8 ஆண்டு வரை கொண்டுபோகலாம். அதற்குள் உரிய பட்டப்பின் பட்டத்தை முடித்தால்தான் பதவி உறுதியாகும். முடியாமற்போனால் வேலையே கேள்விக்குறிதான்.

எட்டு வருடம் போதாதா என்று கேட்கத் தோன்றும். முதல் இரண்டு மூன்று வருடம் விரிவுரைக் குறிப்புகள் தயாரிப்பதிலேயே போய்விடும். பிறகு விடைத்தாள் திருத்தம், மாணவ ஆலோசகர் பொறுப்பு, தர உறுதிப்பாட்டுக் கோப்புகள், மாநாட்டுக் குழு வேலை. ஆள் இளையவர் என்றபடியால் எல்லாம் அவர் தலையில்தான் விழும். இடையில் பகிஷ்கரிப்பு வரும், பல்கலைக்கழகம் மூடப்படும். இந்த நெருக்கடிக்குள் அவருக்கு ஆய்வு செய்யப் பழக்குவது யார்? பல்கலைக்கழகம் புகும் பிள்ளையைப் பற்றி நமது சமூகம் நிறையப் பேசுகிறது. உள்ளே போய் ஆசிரியராக நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை.

நான் பல்கலைக்கழக வேலையில் இருந்து ஓய்வு பெற்று, பூநகரிப் பிரதேசத்தில் நாச்சிக்குடாவில் இருக்கிறேன். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் எங்கள் ஏ32 வீதி யாழ்ப்பாணத்தோடு நேரடியாகச் சேர்ந்துகொண்டது. அதன்பிறகு ஆய்வுக்கென்று இப்பக்கம் வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களிற் பலர் முப்பது வயதைத் தொடாத விரிவுரையாளர்கள். சிலர் எங்கள் வீட்டிலேயே தங்குவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் சொல்லிக் கேட்டவையும், நான் வேலை செய்த காலத்தில் கண்டவையுமே இக்கட்டுரைக்கு ஆதாரம்.

வருகிறவர்கள் இரண்டு விதம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல், தொழில்நுட்ப பீடங்களும் இருக்கின்றன. விவசாயப் பக்கத்து ஆட்கள் வரும்போது வானில் கூட்டமாக வருவார்கள்: ஒரு பேராசிரியர், இரண்டு விரிவுரையாளர், நாலைந்து மாணவர். பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல்லைப் பார்க்க வருவார்கள், வயலுக்குள் உவர் ஏறியிருப்பதை அளக்க வருவார்கள். மண்ணை எந்த ஆழத்தில் எடுப்பது, பையில் என்ன எழுதி ஒட்டுவது, அலுத்துப்போயிருக்கும் கமக்காரரிடம் எப்படிக் கதை தொடங்குவது, இவ்வளவையும் வரம்பில் நின்றபடியே பெரியவரைப் பார்த்துச் சின்னவர் பழகிக்கொள்கிறார். அதற்கு யாரும் 'மென்டரிங்' என்று பெயர் வைப்பதில்லை. வேலையே அப்படி அமைந்திருக்கிறது.

மற்ற விதத்தினர் வரலாறு, சமூகவியல், புவியியல், தமிழ், இஸ்லாமியக் கற்கை போன்ற துறைக்காரர். இவர்கள் தனியாக, பஸ்ஸில் வருவார்கள். பையில் ஒரு வினாக்கொத்து, கையில் போன். மேற்பார்வையாளர் கொழும்பிலோ பேராதனையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வீட்டுப் படலையில் நின்று "அஸ்ஸலாமு அலைக்கும், நான் ஒரு ஆய்வு செய்றன்" என்று சொன்ன பிறகு அடுத்த வசனம் என்ன என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஆய்வு முறையியல் பாடத்தில் மாதிரியெடுப்பு வகைகளைப் படித்திருப்பார். படலைக்கு அப்பால் என்ன நடக்கும் என்பது அந்தப் பாடத்தில் இல்லை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. மேற்பார்வையாளர் என்பவர் பட்டத்துக்கு உரியவர். பல்கலைக்கழகம் நியமிக்கும், ஆய்வேடு தரமானதா என்று அவர் சொல்ல வேண்டும், கையெழுத்து அவருடையது. வழிகாட்டி என்பவர் ஆளுக்கு உரியவர். எந்த ஆய்விதழுக்கு அனுப்பலாம், எந்த அழைப்பை மறுக்கலாம், துறைக்குள் ஒரு பிணக்கு வந்தால் எப்போது பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது, இந்த வருடம் பிள்ளை பெற்றால் ஆய்வேட்டை எப்படித் தள்ளிவைப்பது என்பதெல்லாம் அவரிடம் கேட்கிற விடயங்கள். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பதுதான் நமது வழக்கம். சிலருக்கு அது வாய்க்கும். ஆனால் என்னை மதிப்பிடப் போகிறவரிடம் "சேர், எனக்கு இது விளங்கவில்லை" என்று நான் எப்படிச் சொல்வது? அதனால் வழிகாட்டி மேற்பார்வையாளராக இல்லாமல் வேறொருவராக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. வேறு துறைக்காரராக இருந்தாலும் குற்றமில்லை.

பொதுவாகச் சொல்வதை விட ஓர் ஆய்வுத் தலைப்பை எடுத்துப் பார்ப்போம். எங்கள் பூநகரிப் பிரதேசத்துக்குள்தான் இரணைதீவு இருக்கிறது. அங்கத்தைய கத்தோலிக்க மீனவ மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்து முழங்காவில் பக்கம் இரணைமாதா நகரில் இருந்தவர்கள். தீவு கடற்படையின் கையில் இருந்தது. ஒரு வருடத்துக்குக் கிட்டப் போராடிவிட்டு 2018 ஏப்ரலில் தாங்களே வள்ளங்களில் ஏறித் தங்கள் மண்ணுக்குப் போனார்கள். 2020 இல் கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்த கொடுமை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லாதது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது; மார்ச் தொடக்கத்தில் அதற்கான இடம் இரணைதீவு என்று அறிவித்தார்கள். கஷ்டப்பட்டு ஊர் திரும்பிய மக்களின் தீவை, கஷ்டப்பட்டு அடக்கும் உரிமை பெற்ற மக்களுக்கு மையவாடியாகக் காட்டினார்கள். தீவு மக்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் அந்தத் தெரிவை ஏற்கவில்லை. சில நாட்களுக்குள் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது.

இதை ஆராயவென்று ஒரு இளம் விரிவுரையாளர் வந்தார். அவர் கொண்டுவந்த தலைப்பு 'கொவிட் காலத்தில் முஸ்லிம் சமூகம் எதிர்கொண்ட பிரச்சினைகளும் தீர்வுகளும்'. (பிரச்சினைகளும் தீர்வுகளும் என்று முடியாத ஆய்வுத் தலைப்பை நமது பல்கலைக்கழகங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.) "சேர், சுப்பர்வைசர் ஓமெண்டு சொல்லிட்டார். இப்ப எங்க தொடங்குறெண்டு விளங்குதில்ல" என்றார். 

"மகள், நீங்க பார்க்கப்போறது எத்தனை நாள்?" என்று கேட்டேன். 

"2020, 2021 ரெண்டு வருஷமும் சேர்." 

"அந்த ஒரு கிழமையை மட்டும் பாருங்களேன்." 

இரணைதீவு என்று அறிவித்த நாளுக்கும் ஓட்டமாவடியில் முதல் அடக்கம் நடந்த நாளுக்கும் இடையில் இரண்டு சமூகங்களும் ஒன்றைப் பற்றி மற்றது என்ன நினைத்தன, என்ன பேசின? இதுதான் கேள்வி. கேள்வி சுருங்கியவுடன் வேலை தெளிந்துவிட்டது. வர்த்தமானி அறிவித்தல், பாராளுமன்ற ஹன்சாட், அந்தக் கிழமையின் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு பக்கம். இரணைமாதா நகரில் பேட்டிகள் மறுபக்கம். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பர் தேவை, அதை முதல் மாதமே ஏற்பாடு செய்ய வேண்டும். பல்கலைக்கழக ஆய்வு ஒழுக்கவியல் குழுவின் அனுமதி வராமல் ஒரு பேட்டியும் எடுக்கக் கூடாது. அனுமதிக்கு மாதக்கணக்காகும் என்பதால் விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுத வேண்டும். பேட்டியைத் தொடங்கும்போது ஜனாஸாவைப் பற்றிக் கேட்கக் கூடாது. 1992 இல் வள்ளம் ஏறிய கதையைத்தான் முதலில் கேட்க வேண்டும், அவர்களுக்கு அதுதான் முதற்கதை. முழுக்கை அபாயாவோடு போய் நிற்கும் பெண்ணைக் கண்டதும் "எங்கட தீவைக் கேட்டு வந்தவங்கட ஆள்" என்று யாராவது நினைக்கவும் கூடும். பங்குத் தந்தையையும் கிராம மீனவர் சங்கத்தையும் முன்னரே கண்டு பேசிவிட்டுப் போக வேண்டும். இவற்றில் ஒன்றும் பெரிய வித்தையல்ல. முன்பு போனவர் பின்னால் வருகிறவருக்குச் சொல்வது, அவ்வளவே. ஆனால் சொல்ல ஆளில்லாவிட்டால் இதே அறிவுக்கு அவர் இரண்டு வருடத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும். எட்டில் இரண்டு.

பெண் விரிவுரையாளர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இன்று நமது சமூகத்தில் இருந்து பல்கலைக்கழக ஆசிரியராகும் பெண் பிள்ளைகள் பலர். களப்பணி என்றதும் வீட்டில் முதற் கேள்வி "எங்க தங்குவீங்க?" என்பதுதான். அது நியாயமான கேள்வி, பழைமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பக்கம் மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் கிடைப்பது அரிது. தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் உண்டு, வாப்பாவோடு வந்தவரும் உண்டு. வாப்பா பக்கத்தில் இருந்தால் பேட்டி கொடுக்கிறவர் வாப்பாவைப் பார்த்துத்தான் கதைப்பார். வீட்டுப் பெண்கள் குசினியை விட்டு வெளியே வர மாட்டார்கள். பெண்களிடம் மட்டும் கேட்க முடிகிற விடயங்கள் அப்படியே போய்விடும். ஊரில் ஒரு ஆசிரியையைக் களத்துணையாகப் பிடித்துக் கொடுத்தால் இது தீர்ந்துவிடுகிறது. தங்குவதற்கு அவரது வீடு, கூடப் போவதற்கு அவர். இப்படி ஊருக்கு ஒருவரைத் தெரிந்துவைத்திருப்பதும் வழிகாட்டலின் ஒரு பகுதிதான். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இதைச் சொல்லித்தந்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் முறையான பயிற்சியே இல்லையா என்றால், இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 1997 இல் பணியாளர் விருத்தி நிலையமொன்றைத் தொடங்கியது. அதன் உயர்கல்விக் கற்பித்தல் சான்றிதழ் பிரித்தானியாவின் சேடா அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய நிலையங்கள் வந்தன. புதிய விரிவுரையாளர் பதவியில் உறுதிப்படுத்தப்பட இப்படியொரு தொடக்கப் பயிற்சியை முடித்தாக வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதி. நல்ல விடயம். ஆனால் பெயரே சொல்வது போல அதன் மையம் கற்பித்தல். இந்தியாவிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 1987 முதல் கல்விப் பணியாளர் கல்லூரிகளைத் தொடங்கி, 4 வார அறிமுகப் பயிற்சி, 3 வாரப் புத்தொளிப் பயிற்சி என்று ஆயிரக்கணக்கான இளம் ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். அவையும் பெரிதும் ஆசிரியரை உருவாக்குவதற்கே.

ஆய்வாளரை உருவாக்குவது தனி வேலை என்று எழுத்திலே ஒப்புக்கொண்ட நாடுகளில் பிரித்தானியா ஒன்று. ஆய்வாளர்களின் தொழில்வாழ்வு விருத்திக்கென அங்கே ஓர் உடன்படிக்கை 1996 இல் முதன்முதல் எழுதப்பட்டது. அதன் 2019 திருத்தத்தின்படி, கையொப்பமிட்ட நிறுவனங்கள் தமது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் வருடத்தில் குறைந்தது 10 நாட்களைத் தன்னை வளர்த்துக்கொள்வதற்காக ஒதுக்க வேண்டும். பத்து நாள் பெரிய காரியமா என்று தோன்றும். எனக்கு அதிலே பிடித்தது அந்த எண் அல்ல, நேரம் என்பது கேட்டு வாங்கும் சலுகையாக இல்லாமல் உரித்தாக எழுதப்பட்டிருப்பது. நம்மிடம் இளம் விரிவுரையாளருக்கு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆய்வுக்கென்று கிடைத்தால் அது துறைத் தலைவரின் நல்ல மனதைப் பொறுத்தது.

பணப் பக்கமும் முழுக்க வரட்சி என்று சொல்ல முடியாது. மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கென 2005 இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கற்கை நிலையம் விரிவுரையாளர்கள் கலாநிதிப் பட்டம் செய்ய உதவி வழங்கி வந்திருக்கிறது. உலக வங்கியின் 10 கோடி டொலர் உதவியோடு 2017 இல் தொடங்கிய அஹெட் திட்டத்திலும் ஆய்வு மானியங்கள் இருந்தன. சிக்கல் என்னவென்றால் இவற்றுக்கு விண்ணப்பம் எழுதுவதே ஒரு கலை, அதுவும் ஆங்கிலத்தில். ஏற்கெனவே பழக்கப்பட்ட கைக்குத்தான் அது வசப்படும். தமிழ் மொழிமூலம் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வந்த ஒருவர், ஒரு முறையாவது வெற்றி பெற்ற விண்ணப்பமொன்றை முழுதாக வாசித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான், உரியவரின் அனுமதியோடு.

இணையத்திலும் உதவி உண்டு. 2007 இல் தொடங்கிய ஓதர்எய்ட் என்ற திட்டம், வளரும் நாடுகளின் இளம் ஆய்வாளர்களை அனுபவமுள்ள ஆய்வாளர்களோடு மின்னஞ்சல் வழியே இணைத்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரை எழுதும் பயிற்சியும் இலவசம். தமிழ் மூலங்களுக்கு 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகம் இருக்கிறது. முன்னர் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலைந்து தேடிய பழைய சஞ்சிகைகளை நாச்சிக்குடாவில் இருந்தே போனில் திறக்கலாம். ஆனால் அதே போனில்தான் மற்ற வகை மின்னஞ்சலும் வரும். போன வருடம் பட்டம் முடித்தவரை "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று விளித்து, ஒரு கிழமையில் கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம், இத்தனை டொலர் அனுப்புங்கள் என்று கேட்கும் ஆய்விதழ்கள். அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் இத்தகைய இரைதேடி ஆய்விதழ்களைப் பட்டியலிட்டு வந்தார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலும் அவரது தளத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பதவி உறுதிக்கான தவணை நெருங்கும்போது நல்ல பிள்ளைகளும் இதில் விழுகிறார்கள். விழுந்தவரைத் திட்டிப் பயனில்லை. அனுப்ப முன் "இதைப் பாருங்கோ சேர்" என்று காட்ட ஓர் ஆள் அவருக்கு இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

நமது ஆய்வுலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. பாணந்துறைப் பிள்ளையான ம.மு. உவைஸைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கத் தூண்டியவர் விபுலாநந்த அடிகள். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் செய்த பங்களிப்பைப் பற்றி உவைஸ் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1953 இல் நூலானது. பின்னாளில் அவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போய், பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஓர் இந்துத் துறவி சரியான நேரத்தில் சொன்ன ஒரு சொல், முஸ்லிம் மாணவர் ஒருவரின் வழியாக ஒரு துறையையே திறந்துவிட்டது. நமது வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் கிடந்த காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் பல்கலைக்கழகப் பாடமானது அப்படித்தான்.

வடபுலத்தைப் பொறுத்தவரை எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ்வைச் சொல்லாமல் போக முடியாது. பேராதனையில் புவியியல் படிப்பித்துக்கொண்டே, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களின் கணக்கைத் தன் ஆய்வாக எடுத்தவர். அந்த அகதிகளை மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே சொல்லும் அவரது ஆங்கில நூல் 2001 இல் வந்தது. 2018 ஓகஸ்டில் அவர் மௌத்தானார். சட்ட, சமூக அறக்கட்டளை அமைத்த பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 இல் வந்தது. அதில் பல வாக்குமூலங்கள் பதிவாகின. இவற்றுக்குப் பிறகு ஊர் ஊராகப் போய் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. எங்கள் நாச்சிக்குடாவின் கதையே முழுதாக எழுதப்படவில்லை. 1990 இல் 40 வயதில் புத்தளம் போனவருக்கு இன்று 75. தோணி எங்கே கட்டினோம், எந்தக் காணிக்கு எது எல்லை, யார் வீட்டுத் தமிழ்க் குடும்பம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. எட்டு வருடத் தவணையில் தடுமாறும் இளம் ஆய்வாளர் இதை எழுதுவதற்குள் சொல்கிறவர் இருக்க வேண்டும்.

ஊர்ப் பைத்துல்மால்கள் மருத்துவ, பொறியியல் மாணவருக்கு உதவுகின்றன, அல்ஹம்துலில்லாஹ். விரிவுரையாளருக்குச் சம்பளம் இருக்கிறதே என்று நினைப்பார்கள். அவருக்கு வேண்டியது பெருந்தொகை அல்ல. ஒரு மாத களப்பணிக்குப் பஸ் காசு, பதிவு செய்த பேட்டிகளைத் தட்டெழுதக் கூலி, ஒரு சிங்கள ஆவணத்தை மொழிபெயர்க்கக் கட்டணம், இவ்வளவுதான். கணக்குக் காட்டக்கூடிய சின்னச் செலவுகள். ஸகாத் நிதியில் இருந்து கொடுக்கலாமா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஸதகாவுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

எங்கள் பக்கத்தில் ஓய்வு பெற்ற மூன்று பேர் இதை ஒரு சின்ன அளவில் செய்கிறோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. வருகிற ஒவ்வொருவரோடும் ஒரு தாளில் சில விடயங்களை எழுதிக்கொள்கிறோம். மாதம் ஒரு தரம், போனிலாவது, ஒரு மணித்தியாலம் பேசுவது. அனுப்பிய எழுத்தைப் பத்து நாளுக்குள் வாசித்துத் திருப்பிக் கொடுப்பது. கொடுக்க முடியாவிட்டால் அன்றே சொல்லிவிடுவது. கட்டுரையில் எங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில்லை; நன்றியுரையிலும் வேண்டியதில்லை. துறைக்குள் நடக்கும் விடயத்தை இவர் எங்களிடம் சொன்னால் அது மூன்றாம் ஆளுக்குப் போகாது. பேட்டியின் ஒரு பிரதியை, சொன்னவரின் சம்மதத்தோடு, ஊரில் ஒரு இடத்தில் வைத்துவிட்டுப் போவது. ஒரு வருடம் முடிந்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்று இருவரும் பேசுவது. நிறுத்த விரும்புகிறவர் காரணம் சொல்லத் தேவையில்லை.